குளிரை எண்ணும் மரங்கள்

(கிருஷ்ணகிரியில் மா விவசாயிகளும் வாசகர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூமி சூடாவதால் பழ மரங்கள் என்ன ஆகும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஊரில் இப்படி ஒரு தலைப்பைச் சொன்னதும் எல்லாருக்கும் 2024 கோடைதான் நினைவுக்கு வரும். ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கோடை அது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மழையும் பொய்த்து, பிஞ்சுகள் கொட்டி, இழப்பீடு கேட்டு விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அந்த வெயிலைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் குளிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டும். வெயில் ஏறுவது எல்லாருக்கும் தெரிகிறது, தோலில் சுடுகிறது, செய்தியில் வருகிறது. இரவுக் குளிர் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. பழ மரம் அதைத்தான் முதலில் கவனிக்கிறது. மரத்தின் வருஷக் கணக்கே குளிரில்தான் தொடங்குகிறது.

இதை விளக்க ஆப்பிளிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாந்தோப்புக்காரர்களிடம் வந்து ஆப்பிள் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். குளிருக்கும் மரத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் ஆப்பிளில்தான் தெளிவாகத் தெரியும். அதைப் புரிந்துகொண்டால் மாமரம் செய்வதும் புரியும்.

இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில், பந்த்ரோல் என்ற ஊரில், 1870இல் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் ஆப்பிள் தோட்டம் போட்டார். இன்று சந்தையில் நாம் பார்க்கும் சிவப்பு டெலீசியஸ் ரகம் அங்கே வேரூன்றியதற்குக் காரணம் இன்னொருவர். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். 1904இல் இந்தியாவுக்கு வந்தவர், சிம்லாவுக்கு மேலே கோட்கர் பகுதியில் குடியேறி, 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து டெலீசியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். காந்தியின் பக்கம் நின்று சிறைக்கும் போனார். பிறகு சத்தியானந்தர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். அந்த மலைக் கிராமங்களின் வறுமையை மாற்றியதில் அவர் நட்ட மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிள்ளைகளின் படிப்பு, வீடு, கல்யாணம் எல்லாம் ஆப்பிள் பணத்தில் நடக்கும் ஊர்கள் அங்கே ஏராளம்.

அந்த மரம் குளிர்காலத்தில் என்ன செய்கிறது? இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. அடுத்த வருஷத்துப் பூவின் கரு முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகிவிட்டது. ஆனால் மொட்டு இறுக மூடிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் நாலு நாள் இதமான வெயில் அடித்தால் அது ஏமாந்து விரிந்துவிடக் கூடாது. விரிந்தால் அடுத்து வரும் பனியில் கருகிவிடும். அதனால் மரம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. இத்தனை மணி நேரக் குளிரைப் பார்த்த பிறகுதான் கண் திறப்பேன் என்கிறது. வீட்டுப் பெண்கள் சிறுவாடு சேர்ப்பதைப் போல மொட்டு குளிரை மணி மணியாகச் சேர்த்துவைக்கிறது.

போன நூற்றாண்டின் நடுவில் ஆராய்ச்சியாளர்கள் இதை எளிமையாகக் கணக்கிட்டார்கள். 7.2 டிகிரிக்குக் கீழே போகும் ஒவ்வொரு மணியும் ஒரு புள்ளி. டெலீசியஸ் ரகத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் வேண்டும். பிறகு 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீச் மரங்களை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 2.5 டிகிரியிலிருந்து 9 டிகிரி வரை உள்ள குளிர்தான் முழுப் பலன் தருகிறது. உறைபனிக் குளிரால் கணக்கு ஏறுவதில்லை. 16 டிகிரிக்கு மேல் போனால், சேர்த்துவைத்த கணக்கிலிருந்தே கழிந்துபோகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வரும் ஒரு வெப்பமான மதியம், முந்தைய இரவு சேர்த்த குளிரைத் தின்றுவிடுகிறது.

கணக்கு நிறையாமல் வசந்தம் வந்துவிட்டால் மரம் பூக்கத்தான் செய்யும். ஆனால் ஒழுங்காகப் பூக்காது. பத்து நாளில் முடிய வேண்டிய பூ வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு கிளையில் காய் பிடித்திருக்கும்போது அடுத்த கிளையில் மொட்டு விரியாமல் இருக்கும். இலை பிந்தி வரும். டெலீசியஸ் மரம் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. பக்கத்தில் கோல்டன் டெலீசியஸ் மாதிரி வேறொரு ரகம் அதே நாட்களில் பூத்திருக்க வேண்டும், தேனீ அதிலிருந்து இதற்குப் போக வேண்டும். அங்கே தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்தில் வைக்கிறார்கள். இரண்டு ரகங்களின் குளிர்க்கணக்கும் வேறு வேறாக இருந்து, ஒன்று பூத்து முடிந்த பிறகு மற்றது பூத்தால், எத்தனை பெட்டி வைத்தும் பிரயோஜனம் இல்லை.

இதன் தடயத்தை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஆப்பிளைக் காம்பு மேலே இருக்கும்படி வைத்து, நெடுக்கே அறுக்காமல் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நட்சத்திரம் மாதிரி ஐந்து அறை தெரியும். அறைக்கு இரண்டாகப் பத்து விதை இருப்பது வழக்கம். இனி ஒரு பக்கம் சப்பையாக, கோணலாக இருக்கும் ஆப்பிளைத் தேடி எடுத்து அதையும் வெட்டுங்கள். சப்பையான பக்கத்து அறை பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது விதை சூம்பிப்போயிருக்கும். சதையை வளரச் சொல்லும் உத்தரவு விதையிலிருந்துதான் போகிறது. அந்த அறைக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை என்று பழம் தன் உருவத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அடுத்த முறை கடைக்காரர் கோணல் பழத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளும்போது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஏப்ரல் மாதம் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இமாசலத்து விவசாயிகள் பனிப்பொழிவை வெள்ளை உரம் என்பார்கள். மண்ணுக்கு ஈரமும் மொட்டுக்குக் குளிரும் ஒருசேரக் கொடுப்பதால் அந்தப் பெயர். அந்த உரம் குறையக் குறைய ஆப்பிள் மலை ஏறிக்கொண்டிருக்கிறது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அப்படியென்றால் ஒரு டிகிரி சூடு கூடியதை ஈடுகட்ட ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போக வேண்டும். குலுவின் தாழ்வான பகுதிகளில் ஆப்பிள் இருந்த இடத்தில் மாதுளையும் காய்கறியும் வந்துவிட்டன. கின்னௌர், லாஹௌல் என்று முன்பு கடுங்குளிர் காரணமாக ஆப்பிள் நினைத்துப் பார்க்காத உயரங்களில் புதுத் தோட்டங்கள் எழுகின்றன. இதைக் கேட்டுவிட்டு, "சரி, மேலே போனால் போயிற்று" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆப்பிள் மேலே போகலாம். கீழே இருக்கிற விவசாயி எப்படிப் போவார்? அவர் நிலம் கீழேதானே இருக்கிறது? மேலே இருப்பது இன்னொருவர் நிலம், அல்லது காடு. மலை உயர உயர இடமும் சுருங்கிக்கொண்டே போகும்.

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் மலைநகரமான பட்டுவில் வேறொரு உபாயம் கண்டார்கள். டச்சுக்காரர் காலத்தில் வந்த ஆப்பிள், வெப்பமண்டலத்து மலையில், குளிர்காலமே இல்லாத இடத்தில் காய்க்கிறது. அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவி எடுத்துவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே தட்டி எழுப்பும் வேலை அது. இப்படி வருஷத்துக்கு இரண்டு அறுவடை எடுத்தார்கள். மனிதக் கையின் சாமர்த்தியத்துக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊரிலும் இப்போது ஆப்பிள் தோட்டங்கள் குறைந்து ஆரஞ்சு வந்துகொண்டிருக்கிறது. வெப்பம் கூடியது ஒரு காரணம், மண் களைத்துப்போனது இன்னொரு காரணம்.

பூமி சூடாகிறது என்கிறீர்களே, பிறகு பனியில் பயிர் கருகியது என்று ஏன் செய்தி வருகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 2021இல் பிரான்சில் மார்ச் மாதக் கடைசியில் வழக்கத்துக்கு மீறிய வெப்பம். திராட்சையும் ஆப்ரிகாட்டும் முன்கூட்டியே துளிர்த்துப் பூத்துவிட்டன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே உறைபனி இறங்கியது. இரவெல்லாம் தோட்டங்களில் தீப்பந்தம் ஏற்றிவைத்தும் காப்பாற்ற முடியவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2017இல் பீச் விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று. அங்கே இரண்டு அடியும் சேர்ந்தே விழுந்தன. குளிர்காலம் சூடாக இருந்ததால் குளிர்க்கணக்கு நிறையவில்லை, பிறகு வசந்தத்தில் பின்பனி வந்தது. உறைபனி எப்போதும் வந்துகொண்டிருந்ததுதான். முன்பெல்லாம் அது வரும்போது மொட்டு மூடியிருந்தது, இப்போது திறந்துவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் 2015இல் பிஸ்தா விவசாயிகள் மரத்தை உலுக்கியபோது விழுந்ததில் ஏராளமானவை வெற்றுக் கூடு. பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. முந்தைய குளிர்காலம் போதிய குளிரில்லாமல் போனதால் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவில்லை.

ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஆய்வு என்னை வேறு விதமாக யோசிக்கவைத்தது. 1970 முதல் 2010 வரையிலான பதிவுகளை எடுத்து, ஃபுஜி, சுகாரு ரக ஆப்பிள்களின் சுவையை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். பூப்பது முன்னால் வந்து, காய் முற்றும் மாதங்கள் சூடானதில், புளிப்பு குறைந்திருக்கிறது, சதையின் மொறுமொறுப்பு குறைந்திருக்கிறது, இனிப்பு கூடியிருக்கிறது. இனிப்புக் கூடினால் நல்லதுதானே என்று சிலர் சொல்லக்கூடும். புளிப்பில்லாத ஆப்பிளைச் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும். பழத்தின் பெயரும் உருவமும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மெல்ல வேறொரு பழமாகிக்கொண்டிருக்கிறது. நாமும் வருஷா வருஷம் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

இனி நம் மாமரத்துக்கு வருகிறேன்.

மாமரம் இலையுதிர்த்துத் தூங்குவதில்லை. ஆயிரம் மணி நேரக் குளிரும் கேட்பதில்லை. ஆனாலும் அது குளிரைக் கவனிக்கிறது. மாங்கிளையின் நுனியில் இருக்கும் மொட்டு, வளரத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் இலையாவதா பூவாவதா என்று தீர்மானிக்கிறது. முற்றிய இலைகளிலிருந்து பூக்கச் சொல்லும் சமிக்ஞை வருகிறது. இரவுக் குளிர் இருந்தால் அந்தச் சமிக்ஞை வலுக்கும், பூங்கொத்து வரும். சூடும் ஈரமும் இருந்தால் இலை வரும். சில சமயம் ஒரே கொத்தில் பாதி பூவும் பாதி தளிருமாக வருவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது, முடிவெடுக்கும் நேரத்தில் வானிலை மாறியதன் அடையாளம்.

நம் பகுதியில் குளிர் லேசானது. அதனால் மூன்று விஷயங்கள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். கிளை முற்றியிருக்க வேண்டும், மண் காய்ந்திருக்க வேண்டும், இரவு குளிர வேண்டும். வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு ஓய்ந்து, மார்கழியில் வானம் தெளிந்து, தெளிந்த வானத்தால் இரவு குளிர்ந்து, தை பிறக்கும்போது தோப்பு பூத்து நிற்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்ன அந்தப் பனிதான் மாம்பூவின் கடிகாரம்.

உலகம் சூடாவதில் பகலைவிட இரவு வேகமாகச் சூடாகி வந்திருக்கிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901இலிருந்து 2018க்குள் சுமார் 0.7 டிகிரி கூடியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. முக்கால் டிகிரிகூட இல்லையே என்று தோன்றும். ஆப்பிளுக்குக் குளிர் மிச்சம் இருக்கும் இடங்களில் அது சிறிய எண். நம் மாமரம் குளிரின் விளிம்பில் நிற்கிறது. விளிம்பில் நிற்பவனுக்கு ஒரு அடி என்பது சிறிய தூரம் இல்லை.

மழையும் இதில் சேர்கிறது. 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், தமிழ்நாட்டில் அந்த மாதத்தில் யாரும் பார்த்திராத மழை பெய்தது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே சாய்ந்து முளைத்தது. நெல்லின் கதை ஊர் முழுக்கத் தெரிந்தது. அப்படிப்பட்ட தை மழையில் மாந்தோப்பில் நடப்பது அவ்வளவு பேசப்படுவதில்லை. பூவாக வேண்டிய நுனி தளிராகும். ஏற்கெனவே பூத்த கொத்தில் மகரந்தம் கழுவிப்போகும். மூன்றாம் நாள் ஆந்த்ரக்னோஸ் பூஞ்சை கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மேகமூட்டத்தில் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் ஒன்றாக வரும். தத்துப்பூச்சி கசியவிடும் தேன் இலை முழுக்கப் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே புகை பிடித்த மாதிரி நிற்கும்.

ஒரு மாம்பூங்கொத்தைக் கையில் எடுத்து, முடிந்தால் பூக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூ. நடுவில் சின்னப் பச்சை உருண்டை தெரிகிற பூதான் காயாகக்கூடியது. அதிலும் பல பூக்களில் ஒரே ஒரு மகரந்தக் காம்புதான் உயிர்ப்போடு இருக்கும், மற்றவை பெயருக்கு. இத்தனையிலும் ஒரு கொத்துக்கு ஒன்றோ இரண்டோ காய் நின்றாலே நல்ல மகசூல். அந்த மகரந்தம் உருவாகும் நாட்களில் குளிர் மிஞ்சினாலும் கெடும், வெயில் 35 டிகிரி பக்கம் போனாலும் கெடும். சரியாகக் கருவுறாத பிஞ்சு, விதை இல்லாமல் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். கொத்துக்கொத்தாக அப்படி நிற்பதைப் பார்த்து, காய்ப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பி ஏமாந்த குத்தகைக்காரர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாம்பூவில் மகரந்தம் சுமப்பதில் ஈக்களுக்குத்தான் பெரும் பங்கு. பூ விரிந்த நேரத்தில் மருந்து அடித்துத் தோப்பில் ஒரு ஈகூட இல்லாமல் செய்துவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று வெயிலைக் குறை சொல்லக் கூடாது.

காய் பிடித்த பிறகு வரும் வெயிலுக்கு வேறு வேலை. இரவும் சூடாக இருந்தால் மரம் பகலில் தயாரித்த மாவுச்சத்தைச் சுவாசத்திலேயே அதிகம் செலவழித்துவிடுகிறது, காய்க்குப் போவது குறைகிறது. மண் வறண்டு அனல் காற்றும் அடித்தால் மரம் காயைக் கைவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அல்போன்சாவில் வெளியே அழகாக இருந்து, அறுத்தால் உள்ளே பஞ்சு மாதிரி வெளிறிக் கிடக்குமே, அந்தக் கோளாறில் தரையிலிருந்து எழும் அனலுக்குப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். மரத்தடியில் சருகோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போடுவதால் பலன் இருப்பதும் அதனால்தான். இது காசு அதிகம் கேட்காத வேலை. தோப்பைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று சருகைக் கூட்டிக் கொளுத்துவதை இந்தப் பக்கம் இன்னும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

குளிர் இல்லாவிட்டால் என்ன, மருந்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ரமோன் பார்பா, பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தால் முற்றிய கிளைகள் பூக்கும் என்று 1970களில் கண்டுபிடித்துக் கொடுத்தார். வெப்பமண்டல மா விவசாயத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. பிறகு வேரில் ஊற்றும் கல்டார் என்ற மருந்து வந்தது. இரண்டையும் நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஆனால் கல்டார் வளர்ச்சியை அடக்கித்தான் பூக்கவைக்கிறது. அளவு மீறி, வருஷா வருஷம் ஊற்றினால் கிளை கணு கணுவாகக் குறுகி, மரம் நலிந்துபோகும். குத்தகைக்கு எடுத்தவருக்கு இந்த வருஷத்துப் பூ போதும். மரம் தோப்புக்காரருடையது. ஒப்பந்தம் போடும்போதே கல்டார் பற்றி ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

பழ மரத்தின் சிக்கல் அதன் ஆயுளில் இருக்கிறது. கேழ்வரகோ தக்காளியோ போட்டவர் இந்தப் போகம் பட்டதைப் பார்த்து அடுத்த போகத்தில் விதையை மாற்றலாம். மா ஒட்டுக்கன்று நட்டவர் நாலைந்து வருஷம் காத்திருந்து, நாற்பது வருஷம் அறுவடை எடுக்கத் திட்டமிடுகிறார். இந்த ஆடியில் நீங்கள் நடும் கன்று 2060இன் மார்கழியையும் பார்க்கும். அந்த மார்கழி எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் ரகம் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் கூழ்த் தொழிற்சாலைகளை நம்பி ஏக்கர் ஏக்கராகப் பெங்களூரா ரகம் ஒன்றையே நட்டுவைத்திருக்கிறோம். விலை விழுந்தால் எல்லாருக்கும் விழுகிறது, பூ தவறினால் எல்லாருக்கும் தவறுகிறது. தோப்பில் நாலில் ஒரு பங்காவது நீலம், செந்தூரா, இமாம்பசந்த் என்று முன்பின்னாகப் பழுக்கும் ரகங்கள் இருக்கட்டும். பழைய மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டியதில்லை. கிளைகளைக் கழித்து, புதுத் துளிரில் வேறு ரகத்தை மேலொட்டுக் கட்டலாம். வேர் பழையதாக இருப்பதால் மூன்று நாலு வருஷத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். புதுக் கன்று நடுவதற்கு மானியம் கொடுக்கிறார்கள். மேலொட்டுக் கட்டிவிட்டு வருமானமில்லாமல் காத்திருக்கும் அந்த வருஷங்களுக்குக் கைகொடுப்பதுதான் அதைவிட அவசியம் என்பது என் கட்சி.

புது ரகங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. இமாசலத்தின் பிலாஸ்பூரைச் சேர்ந்த ஹரிமன் சர்மா என்ற விவசாயி, தாழ்வான மலைப்பகுதியில், குளிர் அதிகம் கேட்காத ஒரு ஆப்பிள் ரகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். எச்.ஆர்.எம்.என்-99 என்று அதற்குப் பெயர். அதற்காக அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், தகுதியான பரிசு. ஆனால் செல்பேசியில் வரும் படத்தைப் பார்த்து, சமவெளியில் ஆப்பிள் தோட்டம் போடுகிறேன் என்று யாரும் மாந்தோப்பை அழிக்க வேண்டாம். நாலு கன்று வாங்கி வீட்டருகே நட்டு, நம் கோடையில் பழம் எப்படி நிறம் பிடிக்கிறது, என்ன சுவை வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி மரங்கள் எந்த நாளில் முழுதாகப் பூத்தன என்பதற்கு 9ஆம் நூற்றாண்டிலிருந்து குறிப்புகள் இருக்கின்றன. அரண்மனை நாட்குறிப்புகளிலிருந்தும் துறவிகளின் பதிவுகளிலிருந்தும் அவற்றைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் தேதி பூத்தது, அதுவரையிலான 1200 வருஷத்தில் மிக முந்திய பூ. காலநிலை ஆய்வாளர்கள் அந்த வரிசையை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

நம்மிடமும் காகிதம் இருக்கிறது. பூவைப் பார்த்துத்தானே குத்தகை பேசுகிறோம்? அந்தச் சீட்டில் தேதி இருக்கும், ரகம் இருக்கும், தொகை இருக்கும், சிலவற்றில் அது தலைப்பூவா இரண்டாம் பூவா என்றுகூட எழுதியிருப்பார்கள். கூழ்த் தொழிற்சாலைகளின் வாசல் பதிவேட்டில் முதல் லோடு வந்த நாள் இருக்கும். மண்டிக்காரர்களின் பழைய பேரேடுகளில் எந்த ரகம் எந்த வாரத்தில் வந்தது என்பது இருக்கும். இவற்றை யாரும் வானிலைக் குறிப்பாக நினைத்ததில்லை. ஒரு குடும்பத்தில் முப்பது வருஷத்துச் சீட்டு இருந்தால், இந்த மண்ணில் மாம்பூ எத்தனை நாள் முன்னால் வந்திருக்கிறது, எந்த வருஷம் இரண்டாக உடைந்து பூத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தக் காகிதங்களைக் கரையானுக்கு விடாமல் எடுத்துவையுங்கள். தொகையைக் காட்ட விருப்பமில்லையென்றால் அதை மறைத்துவிட்டுத் தேதியையும் ரகத்தையும் மட்டும் நகல் எடுத்துக் கொடுங்கள். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் நாலு பேர் முன்வந்தால் ஊர் ஊராகப் போய் அவற்றைச் சேர்க்கலாம், நானும் கூட வருகிறேன். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேடை அருகே வாருங்கள்.